டுவார்ட்டி ரோட்டரி சங்கமும் பெண்களும்

பொதுஜன சேவை, தொண்டு, பரோபகாரம் என்கின்ற வார்த்தைகளுக்கு நமது நாட்டில் மாத்திரமல்ல, எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. ஒரு ஊரில் பத்துப் பேர் கூடி, ஒரு போர்டை மாட்டி, ஒரு அக்கிராசனர், ஒரு காரியதரிசி, ஒரு பொக்கிஷதார் என்று ஏற்படுத்திக்கொண்டால் அது தொண்டர் சங்கம் என்று ஆகிவிடுகின்றது. அந்தத் தொண்டு யாருக்காகச் செய்யப்படுகின்றது என்று கேட்டால் உடனே பதில் வரும். யாரோடு சேர்ந்து செய்யப்படுகின்றது என்று கேட்டால்தான் பதில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டாவது கேள்வியை அமெரிக்கா தேசத்தில் ஒரு சிற்றூர்ச் சங்கம் எழுப்பியது. அதற்காகத் தலைமைச் சங்கத்தாரால் ஜாதியை விட்டுத் தள்ளி வைப்பது போல் தள்ளி வைக்கப்பட்டது. எட்டரை வருஷ காலம் வெளியில் நின்று, கடைசியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் ஜெயமும் பெற்றது. அந்தச் சரித்திரம் நமது வாசகர்கள் அறியவேண்டியதென்று கருதியே இதை எழுதுகின்றோம்.

ரோட்டரி சங்கம் என்றால் நமது பட்டணவாசிகளுக்குத் தெரியும். பெரிய வக்கீல்கள், டாக்டர்கள், மில் முதலாளிகள், பாங்கி ஏஜெண்டுகள் முதலானவர்கள் வாரத்திற்கொருமுறை கூடிச் சாப்பிட்டு, ஒரு பிரசங்கம் கேட்டு, ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்திற்கோ ஏதேனும் உதவி செய்யும் சங்கம் அது. கிராமத்துத் தோழர்களுக்காக அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். 1905-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி சிக்காகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்கின்ற ஒரு வக்கீலும், ஒரு நிலக்கரி வியாபாரியும், ஒரு சுரங்க இஞ்சினீயரும், ஒரு தையற்கடைக்காரரும் ஆக நான்கு பேர் ஒரு ஆபீஸ் அறையில் கூடினார்கள். முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் ஆபீசிலும் மாறி மாறிக் கூடியதால், சுற்றி வருவது என்கின்ற அர்த்தத்தில் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்று கணக்கு வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஆதியில் அவர்கள் நோக்கம் ஒருவருக்கொருவர் சிநேகிதமாயிருந்து வியாபாரத்தில் கைகொடுத்துக்கொள்வதேயாகும். ஊருக்குத் தொண்டு என்கின்ற எண்ணம் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தது.

அப்படி வந்த தொண்டில் முதலாவது என்ன தெரியுமா? கோயில் கட்டுவதல்ல, தேர் செப்பனிடுவதல்ல, ஊர் நடுவில் பொதுக் கக்கூஸ் கட்டுவதாகும். 1907-ல் சிக்காகோ சங்கத்தார் இதைக் கையிலெடுத்ததும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் சாராயம் காய்ச்சும் கம்பெனிக்காரரும் பெரிய ஜவுளிக் கடைக்காரருமாவார்கள். நகரத்திலுள்ள 6,000 மதுக்கடைகளிலும் ஆண்களுக்கு வசதியிருக்கின்றது, பெரிய கடைகளில் பெண்களுக்கு வசதியிருக்கின்றது, பின் பொது ஜனங்களுக்குத் தனியாக எதற்கு என்பது அவர்கள் வாதம். அதாவது ஒருவன் சிறுநீர் கழிக்க வேண்டுமானால் ஒரு கிளாஸ் சாராயம் வாங்கவேண்டும், ஒரு ஸ்திரீக்கு அவசரமென்றால் ஒரு முழம் துணியாவது வாங்கவேண்டும்! மனிதனுடைய அவசரத்தைக்கூட வியாபாரமாக்கும் இந்த யோக்கியர்களை எதிர்த்து நின்று, நகர சபையையும் இணங்க வைத்து, அந்தக் கக்கூசைக் கட்டி முடித்தார்கள். இதற்காக ரோட்டரிக்காரரை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். நமது பட்டணங்களில் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பெண்கள் படும் அவஸ்தையை அறிந்தவர்கள், மேற்படி காரியம் ஆயிரம் கும்பாபிஷேகத்தைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ளுவார்கள்.

ஆனால் யாருடைய அவசரத்துக்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டார்களோ, அந்த ஸ்திரீகளில் ஒருவரைக்கூட அங்கத்தினராகச் சேர்க்கக் கூடாதென்பதும் அச்சங்கத்தின் விதியாக இருந்துவந்தது. உலகமெங்கும் கிளைகள் பெருகின. 1982-ம் வருஷக் கணக்குப்படி 157 தேசங்களில் 19,788 சங்கங்களும், சுமார் 907,750 அங்கத்தினர்களும் இருந்தார்கள். ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேரில் சட்டப்படி ஒரு பெண் கிடையாது! பெண்களை அடியோடு விலக்கிவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. அங்கத்தினர்களின் வீட்டுப் பெண்கள் கூட்டத்திற்கு வரலாம், பிரசங்கம் செய்யலாம், பரிசு வாங்கலாம், துணைச் சங்கம் வைத்து உதவி செய்யலாம், ரோட்டரிச் சக்கரச் சின்னத்தைத் துணியில் குத்திக்கொள்ளவும் செய்யலாம். இத்தனையும் செய்யலாம், ஓட்டுள்ள அங்கத்தினராக மாத்திரம் ஆகக்கூடாது. சமைத்து, இலை போட்டு, பரிமாறி, எச்சில் இலையும் எடுத்த பிறகு, பந்தியில் உனக்கு இடமில்லை என்று சொல்லும் நமது வீட்டு வழக்கத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ரோட்டரிக்காரரின் மனைவிமார்கள் 1924-ல் இன்னர் வீல் என்று தனிச் சங்கமே ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் செய்த தொண்டு பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னாருடைய பெண்சாதி என்கின்ற யோக்கியதையின் மேல் கிடைக்கும் இடம், அந்தப் பெண்ணுக்குச் சொந்தமான இடமாகுமா?

இஃதிப்படியிருக்க, இந்த விதியை எடுத்துவிட வேண்டுமென்று முதன்முதல் கேட்டவர்களில் நமது பக்கத்தவர்களும் இருந்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1950-ம் வருஷத்திய சட்ட கவுன்சிலுக்கு, சங்கத்தின் மூல விதியிலிருந்து "ஆண்" என்கின்ற வார்த்தையை நீக்கிவிடும்படி ஒரு பிரேரணையை அனுப்பியது இந்தியாவிலுள்ள ஒரு ரோட்டரி சங்கமேயாகும். 1964-ல் அதே கருத்துடன் இலங்கையிலுள்ள ஒரு சங்கம் ஒரு பிரேரணை அனுப்பியது. பிரதிநிதிகள் கூடி, அதை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி ஓட்டெடுத்து முடித்துவிட்டார்கள். பெண்களை அடுக்களையில் வைத்த தேசம் என்று மேல்நாட்டார் நம்மை ஏசுவதுண்டு. அந்த ஏச்சில் உண்மையில்லாமலில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நாம் கதவைத் தட்டியிருக்கின்றோம், உள்ளேயிருந்தவர்கள் திறக்கவில்லை. இந்தச் சங்கதி பின்னால் கோர்ட்டு விஷயத்தில் மறுபடியும் வரும்.

நிற்க, கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அண்மையில், மலையடிவாரத்தில், டுவார்ட்டி என்று ஒரு சிறிய ஊர் இருக்கின்றது. அவ்வூர் ரோட்டரி சங்கத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. சிறு ஊர்ச் சங்கங்களுக்கு வரும் வியாதிதான் இது. பழையவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், புதியவர்கள் வரமாட்டார்கள், நாலைந்து பேர் கூடி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சங்கத்தார் ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். படித்தவர்களும் பொறுப்பான உத்தியோகம் பார்ப்பவர்களும் ஊர்க்காரியத்தில் அக்கறையுள்ளவர்களுமான பெண்கள் கண்ணெதிரில் இருந்தார்கள். 1977-ம் வருஷம் அப்படிப்பட்ட மூன்று பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள். புரட்சி செய்யவேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்ல நாம் தயாராயில்லை. ஆள் வேண்டியிருந்தது, ஆள் இருந்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. பகுத்தறிவு என்பது பல சமயங்களில் இவ்வளவு சாதாரணமான காரியமாகத்தான் இருக்கின்றது.

தலைமைச் சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. விசாரணை வைத்து, விதியை மீறிய குற்றத்திற்காக 1978-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டுவார்ட்டி சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். டுவார்ட்டிக்காரர்கள் சர்வதேச மகாநாட்டுக்கு அப்பீல் செய்தார்கள், அங்கும் பலிக்கவில்லை. மூன்று பெண்களை நீக்கிவிட்டால் மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம், நீக்காவிட்டால் ரோட்டரி என்கின்ற பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த நிலையில் நம்மூர்ச் சங்கங்கள் என்ன செய்திருக்கும் என்று வாசகர்கள் தங்கள் மனதையே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். "அம்மா, நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது, மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே பெண்ணின் பெருமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைத்திருப்பார்கள். டுவார்ட்டிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. பெண்களை நீக்க மறுத்து, "முன்னாள் ரோட்டரி சங்கம்" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, ரோட்டரிச் சக்கரச் சின்னத்தின் மேல் குறுக்கே ஒரு பெருக்கல் குறியைப் போட்டு அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, எப்போதும் போல் கூடித் தங்கள் ஊர்க்காரியங்களைச் செய்துகொண்டு வந்தார்கள். தள்ளி வைத்தவர்கள் கொடுத்த அவமானத்தையே பட்டயமாக மார்பில் குத்திக்கொள்வதென்றால் அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

பிறகு சங்கமும், அதன் பெண் அங்கத்தினர் இருவரும் சேர்ந்து கலிபோர்னியா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். அம்மாகாணத்தில் 1959-ல் ஏற்பட்ட உன்ரூ சட்டம் என்று ஒன்று உண்டு. வியாபார ஸ்தாபனங்கள் எதுவானாலும் ஜாதி, நிறம், மதம், ஆண் பெண் என்கின்ற வித்தியாசம் பாராட்டி ஒருவருக்குள்ள வசதிகளை மறுக்கக்கூடாதென்பது அதன் சாரம். தொண்டர் சங்கம் வியாபார ஸ்தாபனமாகுமா என்பதே வழக்கில் எழுந்த முதல் கேள்வி. ஆகாது, வியாபார லாபம் அங்கு தற்செயலாகக் கிடைப்பதுதான் என்று கீழ்க்கோர்ட்டு சொல்லித் தலைமைச் சங்கத்துக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்துவிட்டது. 1986-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றி, சங்கத்தில் சேருவதால் தொழிலில் கிடைக்கும் அனுகூலம் தற்செயலானதல்லவென்று தீர்ப்புச் செய்தது. நாம் அப்பீல் கோர்ட்டின் கட்சி. தொழிலுக்கு ஒரு ஆள் என்று பொறுக்கிச் சேர்த்த சங்கத்தில், பாங்கிக்காரனும் கட்டிட கண்டிராக்டரும் வாரா வாரம் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டுத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்பதை நம்ப, பஞ்சாங்கத்தை நம்புகின்றவனாலும் முடியாது. அந்த மேஜையில் ஒரு பெண் டாக்டருக்கும் பெண் வக்கீலுக்கும் இடமில்லை என்றால் அவர்களுடைய பிழைப்பிலும் கைவைத்ததாகத்தான் அர்த்தம். அந்த வருஷம் செப்டம்பரில் டுவார்ட்டி சங்கம் மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆனால் தலைமைச் சங்கத்தார் விடாமல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் சொன்ன நியாயங்களைச் சற்று ஆராய்வோம். முதலாவது, யாரோடு சேர்ந்து பழகுவது என்பது மனிதனுடைய சுதந்தரம், அதில் சர்க்கார் தலையிடக்கூடாது என்பது. இதை நாம் லேசாகத் தள்ளிவிடவில்லை. நாலு சிநேகிதர்கள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீட்டாடினால் அதில் இன்னாரைச் சேர் என்று சட்டம் சொல்வது அக்கிரமமே. ஆனால் ரோட்டரி சங்கம் திண்ணைச் சீட்டாட்டமா? இருபது பேருக்குக் குறைந்த சங்கம் முதல் தொள்ளாயிரம் பேருக்கு மேற்பட்ட சங்கம் வரையில் அதில் இருந்தன. வருஷா வருஷம் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேர் விலகுவதும் புதியவர்கள் சேருவதுமாக இருந்தது. எந்த ஊர் ரோட்டரிக்காரரும் எந்த ஊர்க் கூட்டத்திற்கும் போகலாம், பத்திரிகைக்காரரையும் வரவேற்கலாம். புகழ் வரும்போது நாங்கள் பொது ஸ்தாபனம் என்றும், பெண் வரும்போது இது எங்கள் அந்தரங்கச் சிநேகிதம் என்றும் சொல்வது எந்த ஊர் நியாயம்? நமது கோயில் தர்மகர்த்தாக்களும் வரி கேட்கும்போது இது பொதுக் கோயில் என்பார்கள், எல்லோரும் நுழைவோம் என்றால் இது எங்கள் குலதெய்வம் என்பார்கள். சிக்காகோக்காரர் இவர்களிடம் பாடம் கேட்டாரோ, இவர்கள் அவரிடம் கேட்டார்களோ தெரியவில்லை.

இரண்டாவது நியாயம்தான் நமக்கு வேடிக்கையாயிருக்கின்றது. பெண்களை விலக்கி வைப்பதால்தான் பலவித பழக்க வழக்கங்களுள்ள அன்னிய தேசங்களில் சங்கம் இடைஞ்சலின்றி வேலை செய்ய முடிகின்றது என்று தலைமைச் சங்கத்தின் பொதுக் காரியதரிசி சாட்சி சொன்னார். அன்னிய தேசம் என்றால் அதில் நாமும் சேர்ந்தவர்கள்தானே? இந்தியாவிலிருந்து 1950-லும், இலங்கையிலிருந்து 1964-லும் பெண்களைச் சேருங்கள் என்று பிரேரணை அனுப்பியவர்கள் அன்னிய தேசத்தார்தான். வாபஸ் வாங்கிக்கொள் என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டு, பிறகு கோர்ட்டில் போய் "அவர்களுக்குப் பிடிக்காதே" என்று அவர்களையே சாக்காகக் காட்டுவது சாமர்த்தியம்தான். தனக்கு மனமில்லாத காரியத்திற்கு அடுத்த வீட்டுக்காரன் பேரைச் சொல்லுவது நமது ஊரிலும் நடக்கின்றதே. விதவைக்கு மறுமணம் செய்ய எங்களுக்குச் சம்மதம்தான், ஊரார் என்ன சொல்லுவார்களோ என்பார்கள். ஊராரைப் போய்க் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்லுகிறார்கள்.

1987-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி தீர்ப்பு வந்தது. வழக்கைக் கேட்ட ஏழு நியாயாதிபதிகளும் டுவார்ட்டி சங்கத்தின் பக்கமே முடிவு செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் பவல் என்கின்ற நியாயாதிபதி. ரோட்டரி அங்கத்தினர்களுக்குள் உள்ள உறவு சட்டம் தொடக்கூடாத அந்தரங்க உறவல்ல என்றும், பெண்களைச் சேர்ப்பதால் சங்கத்தின் எந்த நோக்கமும் கெடப்போவதில்லை என்றும், ஊரிலுள்ள எல்லாத் தொழில்களுக்கும் பிரதிநிதியாக இருக்கவேண்டுமென்பதே சங்கத்தின் நோக்கமானால் பெண்களைச் சேர்ப்பதால் அது இன்னும் நன்றாகவே நிறைவேறும் என்றும், பெண்களுக்குச் செய்யப்படும் வித்தியாசத்தைப் போக்குவது சர்க்காரின் முக்கிய கடமையாதலால் கலிபோர்னியா சட்டம் செல்லும் என்றும் அதில் கண்டிருக்கின்றது. 1984-ல் ஜேசீஸ் என்கின்ற வாலிபர் சங்கத்தின் வழக்கிலும் இதே கோர்ட்டு ஏறக்குறைய இதே நியாயத்தைச் சொல்லியிருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அதாவது 1985-ல், உலகத்திலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் இளம்பிள்ளை வாத நோய் வராமல் சொட்டு மருந்து கொடுக்கும் மகத்தான வேலையை ரோட்டரி சங்கத்தார் ஆரம்பித்தார்கள். அந்த வேலையால் நமது நாடும் பலனடைந்தது. 2014-ல் இந்தியாவில் அந்நோய் இல்லையென்று அத்தாட்சியும் கிடைத்தது. இந்த நன்றியை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றவர்கள் யார்? சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் யார்? பெண்கள் இல்லாமல் நடக்க முடியாத தொண்டை ஒரு கையால் ஆரம்பித்துக்கொண்டு, பெண்களைச் சேர்க்க முடியாதென்று மறு கையால் கோர்ட்டுக்குப் பணம் கட்டியதை என்னவென்பது!

தீர்ப்புக்குப் பின் காரியம் வேகமாக நடந்தது. அவ்வருஷமே சில்வியா விட்லாக் என்கின்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியை டுவார்ட்டி சங்கத்தின் அக்கிராசனராகி, உலகத்தில் ரோட்டரி சங்கத்திற்கு அக்கிராசனரான முதல் பெண் என்று பெயர் பெற்றார். அவ்வருஷம் ஜூலை மாதத்திலேயே லயன்ஸ், கிவானிஸ் என்கின்ற மற்ற இரண்டு பெரிய தொண்டர் சங்கங்களும் தங்கள் விதிகளைத் திருத்திக்கொண்டன. 1989-ல் ரோட்டரியின் சட்ட கவுன்சில் கூடி "ஆண்" என்கின்ற நிபந்தனையை உலகம் முழுவதுக்குமாக எடுத்துவிட்டது. இந்திய சங்கம் கேட்டு 39 வருஷமாகியிருந்தது. இது மனமாற்றத்தால் வந்ததா, கோர்ட்டுக்குப் பயந்து வந்ததா என்று கேட்பவர்களுக்கு, கோர்ட்டுதான் முந்தி வந்தது என்று தேதியைக் காட்டுவதைத் தவிர நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை. 1990-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சுமார் 20,200 பெண்கள் அங்கத்தினராயிருந்தார்கள். 2022-ல் கனடா தேசத்து ஜெனிபர் ஜோன்ஸ் அம்மையார் சர்வதேச ரோட்டரிக்கே தலைவரானார். பெண்கள் வந்தால் சிநேகிதம் கெட்டுவிடும் என்றவர்கள் சொன்னபடி சங்கம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

இனி நமது ஊர்களுக்கு வருவோம். ரோட்டரி பெரிய மனிதர்களின் சங்கம், அதைப் பற்றி நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் எண்ணக்கூடும். நமது வாசகசாலைகளையும், வாலிபர் சங்கங்களையும், ரத்ததானக் குழுக்களையும், வெள்ளம் வந்தால் படகு கட்டி ஓடும் தொண்டர் படைகளையும் பற்றியே கேட்கின்றோம். விதிப் புத்தகத்தில் "ஆண்" என்கின்ற வார்த்தை நம்மிடத்தில் இல்லை, உண்மைதான். அங்கத்தினர் ஜாப்தாவை எடுத்துப் பாருங்கள், எத்தனை பெண்கள் பெயர் இருக்கின்றது? நாங்கள் வேண்டாமென்றா சொன்னோம், அவர்கள்தான் வருவதில்லை என்கின்ற பதில் நமக்குப் பழக்கமான பதிலே. எப்படி வருவார்கள்? கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் அடுப்பெரியாவிட்டால் முதலில் கோபப்படுகின்றவர் சங்கத்துக் காரியதரிசிதான். கூட்டம் நடக்கும் இடமோ டீக்கடை மாடி. வெள்ள நிவாரணத்துக்குச் சோறு பொங்க மாத்திரம் பெண்கள் வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது வேண்டாம். துணிச் சின்னம் கொடுத்த சிக்காகோக்காரராவது விதியை எழுதி வைத்துக்கொண்டு செய்தார், எதிர்த்துக் கேட்க ஒரு எழுத்தாவது இருந்தது. எழுதாத விதியை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

ஆதலால் நமது சங்கங்கள் மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது பகல் நேரத்தில், பள்ளிக்கூடக் கட்டிடம் போன்ற பொது இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். அன்றைக்கு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அங்கத்தினரான கணவன்மார்களே எடுத்துக்கொள்ளட்டும். பெண்களைச் சேர்க்கும்போது இன்னார் மனைவி, இன்னார் தங்கை என்று எழுதாமல் அவரவர் பெயரையும் தொழிலையும் எழுதட்டும். சந்தாவும் அவர்கள் கையினாலேயே வாங்கட்டும், அப்போதுதான் கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு வரும். பொக்கிஷதார் வேலையைப் பெண்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்பதும் நமது அபிப்பிராயம், வீட்டுச் செலவில் காலணாவுக்குக் கணக்கு வைத்துப் பழகியவர்கள் அவர்களே. இவ்விதம் பெண்களை ஓட்டுள்ள அங்கத்தினராகச் சேர்த்து நடத்திவரும் சங்கங்கள் எங்கேனும் இருந்தால், அதில் ஏற்பட்ட நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் நமக்கு எழுதியனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். இடமுள்ளவரையில் வெளியிடுவோம்.